துவாக்குடியில் வாங்கிய பழைய ரெக்டிபையர், பக் கட்டர், மிக் மெஷின்: ஆறு மாதம் கழித்து

மணப்பாறையில் எனக்கு ஒரு சிறிய பட்டறை இருக்கிறது. கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி என்று ஓடிக்கொண்டிருந்த இடத்துக்குப் போன ஆண்டு இரண்டு கொட்டகை வேலைகள் வந்தன. ஒன்று அரிசி ஆலைக்கு, மற்றொன்று மாட்டுப் பண்ணைக்கு. தூணுக்கு அடியில் 12 மில்லிமீட்டர் தகடு, மேலே ஐ பீம். என்னிடம் இருந்தது ஒற்றை பேஸ் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின். முகப்பில் 200 ஆம்பியர் என்று பெரிதாகப் போட்டிருக்கும். 4 மில்லிமீட்டர் வெல்டிங் ராடு போட்டால் நான்காவது ராடிலேயே சூடேறிவிட்டது என்று மஞ்சள் விளக்கு எரிந்துவிடும். அது ஆறும்வரை ஆள் எல்லாம் டீக்கடையில். இரண்டு மாத டீக் கணக்கைப் பார்த்த பிறகுதான் பெரிய இயந்திரம் வாங்கியாக வேண்டும் என்று முடிவு செய்தேன். புதிது வாங்கக் கை போதாது.

திருச்சி வட்டாரத்தில் பழைய வெல்டிங் இயந்திரம் தேடுபவர்கள் துவாக்குடிப் பக்கம்தான் போவார்கள். பெல் (பிஎச்இஎல்) கொதிகலன் ஆலையை நம்பி அங்கே நூற்றுக்கணக்கான துணைத் தொழிற்கூடங்கள் இருந்தன. அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது பல கூடங்களுக்குப் பூட்டு விழுந்தது. உள்ளே இருந்த சாமான்களை வங்கிகள் 'எங்கு உள்ளதோ அங்கேயே, எப்படி உள்ளதோ அப்படியே' என்று ஏலம் விட்டன. அப்படி எடுத்தவர்கள்தான் இப்போது தகரக் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்து விற்கிறார்கள். நானும் அந்தக் கூடங்களில் ஒன்றில் பதினொரு ஆண்டு குழாய் வெல்டராக இருந்தவன். 1975-இல் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய ஊர் இது. தெருவுக்கு நான்கு வெல்டர்கள் இருக்கிறார்கள். இங்கே வெல்டிங் இயந்திரத்தில் ஏமாற்றுவது கடினம் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. கடைக்காரரிடம் மூன்று பொருள் வாங்கினேன்: ராடு வெல்டிங்குக்கு டிசி மின்சாரம் தரும் ரெக்டிபையர், தண்டவாளத்தில் ஊர்ந்தபடி கேஸால் தகடு வெட்டும் பக் கட்டர், ராடுக்குப் பதில் சுருளிலிருந்து கம்பி தானாக ஓடி வரும் மிக் மெஷின். இரண்டில் எனக்கு லாபம், ஒன்றில் வயிற்றெரிச்சல். மறுபடியும் அங்கே போகவும் போகிறேன். அதனால் சண்டை வேண்டாம்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் ஐடிஐ முடித்தவன், எல்லாவற்றையும் கைப்பேசியில் தேடிப் பார்ப்பான். கடைக்குள் நுழைந்ததும் பச்சைப் பெயிண்ட் அடித்த இயந்திரங்கள் வரிசையாக நின்றன. எல்லாமே ஒரே பச்சை. வெவ்வேறு கம்பெனிக்காரன் செய்தவை, ஒரே வாளியில் முங்கி எழுந்தவை. "மாமா, இது புதிது மாதிரி இருக்கிறதே" என்றான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சிலவற்றில் ஆம்பியர், வோல்ட் எல்லாம் பொறித்திருக்கும் ரேட்டிங் பிளேட்டின் மேலேயே பெயிண்ட் ஏறியிருந்தது. பக்கத் தகட்டைப் பிடிக்கும் திருகுகளைப் பாருங்கள். திருகின் பள்ளத்தில் பெயிண்ட் நிறைந்து கிடந்தால், பெயிண்ட் அடித்த பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை. உள்ளே என்ன நிலையோ, அது விற்பவருக்கே தெரியாது.

பின்பக்கச் சுவரோரம் பெயிண்ட் அடிக்காத ஒரு 400 ஆம்பியர் தைரிஸ்டர் ரெக்டிபையர் நின்றது. முன்முகம் முழுக்க விரல் அழுக்கு. தலையில் ஒரு விரல்கடை தூசி. ஆம்பியர் திருகும் குமிழுக்குப் பக்கத்தில் ராடின் அளவையும் அதற்குக் குமிழை வைக்க வேண்டிய எண்ணையும் வெள்ளை மார்க்கரால் யாரோ எழுதியிருந்தார்கள்: 2.5 – 85, 3.15 – 120, 4 – 165. எங்கள் கூடத்திலும் இப்படித்தான் எழுதி வைப்போம். குமிழில் அச்சிட்ட எண்ணும் உண்மையில் வரும் ஆம்பியரும் ஒத்துப்போகாது. அதனால் ஒவ்வொரு ராடுக்கும் எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்த இயந்திரத்தில் நிற்கும் வெல்டர் தானே குறித்துக்கொள்வான். இந்த எழுத்தை எழுதியவன் இந்த ஒரே இயந்திரத்தில் பல காலம் நின்றிருக்கிறான். யாரும் இரவல் இயந்திரத்தில் எழுதி வைப்பதில்லை.

"அதை அடுத்த வாரம் பெயிண்ட் அடிக்கப் போகிறோம் அண்ணே, அப்போது வந்து பாருங்கள்" என்றார் கடைக்காரர். இப்போதே திறந்து காட்டச் சொன்னேன். இந்த இடத்தில் அவரைப் பாராட்ட வேண்டும். முகம் சுளிக்காமல் பையனைக் கூப்பிட்டு இரண்டு பக்கத் தகடுகளையும் கழற்றச் சொன்னார். நான் போன வேறு இரண்டு கடைகளில் 'திறந்தால் வாரண்டி போய்விடும்' என்றார்கள். பதினைந்து ஆண்டு பழைய இயந்திரத்துக்கு என்ன வாரண்டி என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

உள்ளே முதலில் மூக்கைத்தான் நீட்ட வேண்டும். சுருள் ஒருமுறை கருகியிருந்தால் வார்னிஷ் கருகிய வாடை எத்தனை ஆண்டானாலும் போகாது. இதில் தூசி வாடை மட்டும்தான். அடுத்து, சுருள் செம்பா, அலுமினியமா. முனையைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. செம்புக்கும் ஈயம் பூசி வெள்ளையாக்கியிருப்பார்கள், அலுமினியத்துக்குச் செம்பு முனை வைத்திருப்பார்கள். ஓரத்தில் பிளேடால் லேசாகச் சுரண்டினேன். சிவப்பாக வந்தது. அலுமினியச் சுருள் என்றால் ஒதுக்க வேண்டும் என்பதில்லை. அலுமினியமும் பித்தளையும் சேரும் போல்ட் இடங்கள் தளர்ந்து சூடேறித் தொல்லை கொடுக்கும், விற்கப் போனாலும் காசு தேறாது. அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மெகர் கையோடு கொண்டுபோயிருந்தேன், 500 வோல்ட். எலக்ட்ரானிக் கார்டின் இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதை வைக்க வேண்டும்; அப்படியே வைத்தால் கார்டு போய்விடும், இன்வெர்ட்டரில் இந்தச் சோதனையை வீட்டில் முயலவே வேண்டாம். மின்சாரம் நுழையும் பக்கத்துக்கும் வெல்டிங் பக்கத்துக்கும் இடையே குறைந்தது 5 மெகா ஓம் காட்ட வேண்டும். இதில் 40-க்கு மேல் காட்டியது. பக்கத்தில் பச்சை உடுப்பு உடுத்தி நின்ற, எண்ணெயில் குளிரும் (ஆயில் கூல்டு) வெல்டிங் டிரான்ஸ்பார்மரிலும் வைத்துப் பார்த்தேன். அரை மெகா ஓம்கூட இல்லை. எண்ணெயில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதைத் தொட்டுக்கொண்டு ஈர மண்ணில் நின்று வேலை செய்பவனை நினைத்துப் பார்த்தேன். கடைக்காரரிடம் சொன்னேன், 'எண்ணெயை மாற்றிவிட்டுத்தான் விற்போம்' என்றார். மாற்றினாரா என்று அடுத்த முறை பார்க்க வேண்டும்.

மின்சாரம் கொடுத்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. விசிறி சுற்றியது, ஆனால் காற்று சரியாக வரவில்லை. "விசிறி மோட்டார் போய்விட்டது மாமா, இதைச் சொல்லி ஐயாயிரம் குறைக்கலாம்" என்று மருமகன் காதில் சொன்னான். நான் விசிறிக் கூண்டைப் பார்த்தேன். அதில் சுற்றும் திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டிருந்தது. விசிறி அதற்கு எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று பேஸ் விசிறி. பேஸ் வரிசை மாறிவிட்டால் அது தலைகீழாகச் சுற்றும், வெல்டிங் மட்டும் வழக்கம்போல் நடக்கும். ஒரு மாதம் கழித்து இயந்திரம் ஏன் சூடேறுகிறது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு ஒயர்களை இடம் மாற்றச் சொன்னேன். காற்று பின்பக்கமாகப் பீறிட்டு வந்து மருமகனின் சட்டையெல்லாம் பதினைந்து ஆண்டுத் தூசி. பேரம் பேச ஒரு காரணம் போனது என்று அவனுக்கு வருத்தம்.

அதன் பிறகுதான் ராடு. சுமை இல்லாதபோது மீட்டரில் 71 வோல்ட். பிளேட்டில் 72 என்றிருந்தது. என் ராடு, என் ஹோல்டர், என் கிளாம்ப் மீட்டர். கிளாம்ப் மீட்டர் என்பது ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளப்பது; டிசி அளப்பதாக இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஏசி மட்டும் அளப்பது. டிசியில் வைத்தால் ஏதோ ஓர் எண்ணைக் காட்டும், அதை நம்பி ஏமாறுவீர்கள். குமிழை வெள்ளை மார்க்கர் சொன்ன 165-இல் வைத்து, பழைய தகட்டில் 4 மில்லிமீட்டர் ராடுகள் பத்தை விடாமல் எரித்தேன். கிட்டத்தட்ட இருபது நிமிடம். உள்ளே ஏசியை டிசியாக்கும் ஆறு தைரிஸ்டரும் ஒழுங்காக வேலை செய்தால் ரெக்டிபையர் ஒரே சுருதியில் முனகும். ஒன்று செத்திருந்தால் உறுமலாக மாறி ஆர்க் விட்டு விட்டுத் துடிக்கும். காதுக்கே தெரிந்துவிடும். இது கடைசிவரை ஒரே சுருதியில் இருந்தது. நிறுத்திவிட்டு மெயினையும் அணைத்து, முனைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். மைனஸ் முனை மட்டும் கைவைக்க முடியாத சூடு. போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் வாஷர் கருத்திருந்தது. இரண்டு ரூபாய்ச் சாமான்.

பிளேட்டில் 400 ஆம்பியர், 60 சதவீதம் என்று இருக்கும். பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் 400-இல் ஓட்டலாம், நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும் என்று பொருள். நிறுத்தாமல் ஓட்ட வேண்டுமென்றால் சுமார் 310. நான் 200-ஐத் தாண்டப் போவதே இல்லை; ஆகவே இது என் பட்டறையில் வியர்வையே சிந்தாது. டீக்கடைக்காரருக்குத்தான் நட்டம்.

46,000 கேட்டார், 39,000-க்கு முடிந்தது. பில்லோடு என்பதால் ஜிஎஸ்டி தனி. பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று எழுதி வாங்காத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஆறு மாதமாக ஓடுகிறது. அந்த வாஷரைத் தவிர எதையும் மாற்றவில்லை.

பக் கட்டர் 11,000, ஒரு தண்டவாளத்தோடு. கையால் கேஸ் கட்டிங் செய்த தகட்டை கிரைண்டரில் தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். இதைச் சோதிக்க கேஸே தேவையில்லை. டார்ச் இருக்கும் இடத்தில் ஒரு மார்க்கிங் ஊசியைக் கட்டி, கீழே சுண்ணாம்பு தடவிய தகடு வைத்து, வண்டியை ஒருமுறை முன்னே ஓட்டினேன், பிறகு அதே கோட்டில் பின்னே. இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் தண்டவாளமும் சக்கரமும் நேர். எனக்கு நடுவில் ஓரிடத்தில் அரை மில்லிமீட்டர் விலகியது. தண்டவாளத்தில் ஒரு சொட்டு ஸ்லாக் (உருகி உறைந்த கசடு) ஒட்டியிருந்தது, உளியால் தட்டியதும் சரியானது. அடுத்து வேகம். வேகமாக ஓடுவதை யாரும் காட்டிவிடுவார்கள். மெதுவாக ஓடும்போது மோட்டார் திக்குகிறதா என்பதுதான் கேள்வி. 12 மில்லிமீட்டர் தகட்டுக்கு நிமிடத்துக்கு 400 முதல் 500 மில்லிமீட்டர்வரை போக வேண்டும். அந்த வேகத்தில் ஒரு மீட்டர் தூரத்தை 2 நிமிடம் 10 வினாடியில் கடந்தது, மூன்று முறையும் ஒரே நேரம். கார்பன் பிரஷ் மட்டும் தேய்ந்திருந்தது. மாற்றிக் கொடுத்தார்.

அந்த வண்டியோடு டார்ச், ரெகுலேட்டர், ஹோஸ், எல்லாம் சேர்த்து 'செட்'டாக 15,000-க்குத் தருவதாகச் சொன்னார். அப்போதுதான் பக்கத்து மேஜையைக் கவனித்தேன். கடைப் பையன் ஒருவன் வேஸ்ட் துணியை எண்ணெயில் நனைத்து ஆக்சிஜன் ரெகுலேட்டர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். பித்தளை தங்கம் போல மின்னியது. கடையே அதிரும்படி கத்திவிட்டேன். சிலிண்டரிலிருந்து வரும் அழுத்தமான ஆக்சிஜனுக்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், தீக்குச்சியே வேண்டாம். வால்வைத் திறந்த கணத்தில் ரெகுலேட்டர் முகத்தில் வெடிக்கும். பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. கடைக்காரர் உண்மையாகவே வெலவெலத்துப் போனார். அந்த ரெகுலேட்டர்களைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னார். பளபளவென்று இருந்தால்தான் விலை போகும் என்ற புத்தி பெயிண்டில் தொடங்கி இங்கே வந்து நிற்கிறது.

ரெகுலேட்டர், ஹோஸ், தீ குழாய்க்குள் திரும்பாமல் தடுக்கும் பிளாஷ்பேக் அரெஸ்டர் மூன்றையும் நான் எக்காலத்திலும் பழையதாக வாங்கமாட்டேன், ஓசியில் கொடுத்தாலும். சிலிண்டரும் அப்படியே, அது கேஸ் கம்பெனியின் சொத்து. டார்ச் மட்டும் வாங்கலாம், நுனி இருக்கை அடிபடாமல் இருந்தால். நுனியில் மாட்டும் நாசிலை வகை கேட்டு வாங்குங்கள்: அசிட்டிலினுக்கு ஏஎன்எம், எல்பிஜிக்குப் பிஎன்எம். ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு 'கேஸ் சரியில்லை' என்பார்கள்.

பிளாஸ்மா கட்டர் ஒன்றும் இருந்தது, மருமகனின் கண் அதன்மேல்தான். விலை கேட்கும் முன், அதன் எலக்ட்ரோடும் நாசிலும் திருச்சியில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டேன். கடைக்காரர் கூரையைப் பார்த்தார். பேச்சு அங்கேயே முடிந்தது. 14 அங்குலக் கட்டிங் மெஷின் ஒன்றை இலவச இணைப்பாகத் தள்ளப் பார்த்தார். அதோடு கொடுத்த டிஸ்க்கின் நடுவளையத்தில் பொறித்திருந்த தேதி கடந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. டிஸ்க் வாங்கும் எல்லோரும் அந்த வளையத்தைப் பாருங்கள்.

இனி என் வயிற்றெரிச்சல். மிக் மெஷின், 400 ஆம்பியர், கம்பியை டார்ச்சுக்குத் தள்ளும் ஒயர் பீடரோடு 58,000. இதை நான் சோதிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அரை மணி நேரம் வெல்டிங் செய்தேன். தையல் இயந்திரம் போல ஓடியது, தெறிப்பு குறைவு, மணி மணியாக விழுந்தது. டார்ச் கேபிளைத் தரையில் நேராக நீட்டிப் போட்டிருந்தார்கள். கம்பிச் சுருள் அவர்களுடையது. ராடு என்னுடையது, ஹோல்டர் என்னுடையது என்று அத்தனை ஜம்பம் அடித்தவன், கம்பியை மட்டும் அவர்களுடையதை எடுத்துக்கொண்டேன்.

பட்டறைக்கு வந்து 1.2 மில்லிமீட்டர் கம்பியைப் போட்டேன். தூணைச் சுற்றி வளைத்து வேலை செய்யும்போது கம்பி திக்கித் திக்கி வந்தது. பத்து நிமிடத்தில் பீடரில் கம்பியைத் தள்ளும் ரோலருக்குப் பின்னால் சுருண்டு குருவிக்கூடு ஆகிவிட்டது. அழுத்தத்தைக் கூட்டினால் கம்பி நசுங்கியது. டார்ச் கேபிளுக்குள் கம்பி ஓடும் குழாயான லைனரை உருவிப் பார்த்தேன், கொட்டிய கருப்புத் தூளைத் தாளில் பிடித்தால் ஒரு கைப்பிடி. லைனரை மாற்றினேன். குறைந்ததே தவிர நிற்கவில்லை. கடைசியில் ரோலரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு ரோலரில் இரண்டு பள்ளம் இருக்கும், இதில் ஒன்று 1.0-க்கு, மற்றொன்று 1.2-க்கு. 1.0 பள்ளம் இங்கிலீஷ் எழுத்து வி போலக் கூர்மையாக, புதிது மாதிரி இருந்தது. 1.2 பள்ளம் தேய்ந்து தட்டாகி, கம்பி வழுக்கிய தடம் கண்ணாடிபோல் மின்னியது. முன்பு வைத்திருந்தவர் ஆண்டுக்கணக்கில் 1.2 மட்டுமே ஓட்டியிருக்கிறார். கடையில் எனக்கு ஓட்டிக் காட்டியது 1.0. தெரிந்து செய்தாரா, கையில் இருந்த சுருளைப் போட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டபோது சத்தியம் செய்தார்.

ரோலர்தானே, வாங்கிப் போடலாம் என்றால் அந்த மாடலே இப்போது வருவதில்லை. அரியமங்கலத்தில் ஒரு லேத்தில் இ.என். 31 இரும்பில் இரண்டு ரோலர் கடைந்து, ஹார்டனிங் செய்து வாங்கினேன். ரோலர், லைனர், மூன்று நாள் வேலை நின்றது எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துக்கு மேல். கடைக்காரர் இரண்டாயிரம் தந்தார். அவர் தர வேண்டிய கட்டாயம் இல்லை, பில்லிலேயே 'சோதித்துப் பெற்றுக்கொண்டேன்' என்று என் கையெழுத்து இருக்கிறது. இப்போது மெஷின் ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு முறை கம்பி திக்கும்போதும் எனக்கு அந்த நேராக நீட்டிய கேபிள்தான் கண்முன் வருகிறது. வாங்கும்போது டார்ச் கேபிளை ஒரு வளையமாகச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வெல்டிங் செய்து பாருங்கள். லைனர் செத்திருந்தால் அந்த நிமிடமே சொல்லிவிடும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. திறந்து காட்டும் மனதுக்கும் ஒரு மணி நேரம் மின்சாரத்தை எரிக்கவிட்ட பெருந்தன்மைக்கும் முழுசாக மூன்று. பேச்சு மாறாமல் பெயிண்ட் அடிக்காமல் அனுப்பியதற்கு அரை. பச்சைப் பெயிண்டுக்கும் எண்ணெய்த் துணிக்கும் எதுவும் கிடையாது. காலை பத்தரைக்குள் போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் கூரைச் சூட்டில் நிற்க முடியாது. டாட்டா ஏஸ் வாடகை மணப்பாறைக்கு 2,200 ஆனது. ஏற்றிவிட ஆள் கடையிலேயே இருக்கிறார்கள், இறக்குவதற்கு நாம்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

ரெக்டிபையருக்கு நல்ல நீலத்தில் பெயிண்ட் அடிக்கலாம் என்று மருமகன் இரண்டு முறை கேட்டுவிட்டான். அந்த வெள்ளை மார்க்கர் எண்களை அழிக்காமல் அடிக்க முடிந்தால் அடி என்று சொல்லியிருக்கிறேன். ஆவணியில் தகடு நறுக்கும் ஷியரிங் மெஷின் ஒன்றைப் பார்க்க மறுபடி அங்கே போகிறோம். அதே நாளில் ஒரு நண்பருக்காக இன்னொரு மிக் மெஷினும் பார்க்க வேண்டும். மெகர், கிளாம்ப் மீட்டர் இருக்கும் பையில் இந்த முறை 1.2 கம்பிச் சுருள் ஒன்றையும் வைத்துவிட்டேன், 15 கிலோ. தூக்கிக்கொண்டு வருவது மருமகனின் வேலை.